முனீஸ்வரர் மூன்றரை அடி குறைந்த கதை

வீடு மாற்றும் லாரி வைத்திருப்பவனுக்கு ஊரில் எல்லார் வீட்டுக் கட்டிலின் அடிப்பக்கமும் தெரியும், ஆனால் வெளியே சொல்லமாட்டான், சொன்னால் அடுத்த வேலை வராது.

மலேசியாவின் ஜொகூரில் இந்தத் தொழிலில் என் தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. ஏழாம் வாய்பாட்டில் கால் தடுக்கி விழுந்து இன்னும் எழுந்திருக்காத அன்பர்களே, இது உங்களுக்காக. நானும் உங்களோடு விழுந்தவன்தான். தமிழ்ப் பள்ளியில் கணித ஆசிரியர் கேள்வி கேட்கத் தொடங்கினால் நான் மேசைக்கடியில் குனிந்து ரப்பர் தேடுவேன். ஆறாம் ஆண்டு வரை தேடினேன். அந்த ரப்பர் இன்றுவரை கிடைக்கவில்லை. "இதெல்லாம் பின்னால எதுக்கு உதவப் போவுது?" என்று பின் வரிசையிலிருந்து முணுமுணுத்த கூட்டத்துக்கு அப்போது நான்தான் தலைவன். எதற்கு உதவியது என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவி சரோஜா இதற்கு மேலே ஓர் எச்சரிக்கை போடச் சொல்கிறாள்: "இவரு சொல்ற உயரம், அகலம், எடை எல்லாத்தையும் ரெண்டால வகுத்துட்டுப் படிங்க." சரோஜா தையல்காரி. வெட்டுவதும் வகுப்பதும் அவளுக்குக் கைவந்த வேலை.

காவல்காரர் நின்றபடி வரவேண்டும்

போன வருஷம் ரெங்கத்திலிருந்து நாகப்பன் போன் போட்டார். கோயில் தலைவர். அங்கே ஒரு தோட்டம் கைமாறி, ரப்பரும் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனையும் போய், இப்போது வீடுகள் வரப்போகின்றன. தோட்டத்து முனீஸ்வரருக்கு டவுன் பக்கம் புது இடம் கிடைத்து, கோயிலும் கட்டியாகிவிட்டது. சாமி மட்டும் இன்னும் பழைய இடத்தில். அந்த வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்துக்குள் அவரைப் புதுப் பீடத்தில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை பழைய இடத்தை இடிக்க ஆள் வந்துவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், வழியில் ஒரு ரயில் பாலம். அதற்கு அடியில்தான் சாலை போகிறது. சுற்றுப்பாதையில் இருக்கிற மரப்பாலம் சிலையின் கனத்தைத் தாங்காது. "எத்தனை அடி?" என்று கேட்ட மூன்று லாரிக்காரர்களும் "பதினைந்து" என்ற பதிலோடு போனை வைத்துவிட்டார்களாம். லாரித் தளமே மூன்றடி, மேலே பதினைந்தடி என்றால் பதினெட்டு. பாலமோ பதினாலே முக்கால். படுக்க வைத்துக் கொண்டுபோகலாமே என்றேன். அந்தச் சிலை நாகப்பனின் அப்பா தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து, வேலை முடிந்த நேரங்களில் சிமெண்டு குழைத்து எழுப்பியது. நாகப்பன் சொன்னார்:

"காவக்காரரு படுத்துக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும், அண்ணே? நின்னுக்கிட்டுத்தான் வரணும். முடியாதுன்னா புதுசா செஞ்சுக்கலாம்னு கமிட்டியில சொல்றாங்க. அப்ப எங்கப்பா கட்டுனதை நானே பக்கத்துல நின்னு உடைக்கணும்."

இடித்தது எது?

கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்டால், அதுவரை பட்ட அவமானங்கள் தந்த தைரியத்தில்தான். முதல் அவமானம் கெலாங் பாத்தாவில். ஞானாம்பிகை அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு தேக்கு அலமாரி இருந்தது. கதவைத் திறந்து கூப்பிட்டால் உள்ளேயிருந்து பதில் வரும், அவ்வளவு பெரிசு. (சரி சரோஜா, வகுத்துக்கொள்கிறேன்.) புது வீட்டு சீலிங் அலமாரியைவிட இரண்டு அங்குலம் உயரம் என்று நானே அளந்து வைத்திருந்தேன். படுக்க வைத்து அறைக்குள் தள்ளி, நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். முக்கால்வாசி நிமிர்ந்ததும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அலமாரியின் மூலை சீலிங்கில் முட்டி, புதுப் பெயிண்டில் அழகான ஒரு பிறைநிலாவை வரைந்துவிட்டு அப்படியே சிக்கிக்கொண்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் சரோஜா ஒரு தீப்பெட்டியைச் சாய்த்து மெல்ல நிமிர்த்திக் காட்டினாள். "நிக்கும்போது இதோட உயரம்தான் இதோட உயரம். சாய்ஞ்சு எழும்பும்போது மூலைக்கு மூலை உள்ள நீளம்ல மேல போவுது? குறுக்கா இழுத்த நூலு நேரா இழுத்ததைவிட நீளம்னு ரவிக்கை தைக்கிறவளுக்குத் தெரியுது, லாரி ஓட்டுறவருக்குத் தெரியல." செங்கோண முக்கோணம், கர்ணம் என்றெல்லாம் பள்ளியில் சொன்னார்களே, அது இதுதானாம். அந்தப் பாடம் நடந்தபோது நான் ரப்பர் தேடிக்கொண்டிருந்திருப்பேன். மறுநாள் அலமாரியின் அடிக்கட்டையைக் கழற்றி, நிமிர்த்தி, பிறகு பொருத்திக் கொடுத்தேன். ஞானாம்பிகை அம்மா சீலிங்கில் இருந்த பிறையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அலமாரி குட்டை, சீலிங் உயரம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அப்ப இடிச்சது என்ன, உங்கட கணக்கோ?"

பால் பானை எங்கே?

நம்மவர்கள் வீடு மாறினால் லாரியில் முதலில் எதை ஏற்றுவார்கள்? சாமி படம், குத்துவிளக்கு, பால் காய்ச்சும் பானை. மங்களமாக ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? நானும் பயபக்தியோடு அவற்றை ஆக உள்ளே, முன்சுவரை ஒட்டி வைப்பேன். அதன் பிறகு கட்டில், பீரோ, குளிர்பெட்டி, சோபா, சைக்கிள், பூச்சட்டி.

ஸ்கூடாயிலிருந்து கூலாய்க்கு மாறிய கலா வீட்டில் இப்படித்தான் ஏற்றினோம். கூலாயில் போய் இறங்கினால், நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்க வேண்டும். பானையோ ஆக உள்ளே. பூச்சட்டி, சைக்கிள், சோபா என்று ஒவ்வொன்றாகச் சாலையோரத்தில் இறக்கினோம். எதிர்வீட்டுச் சீன அம்மா வெளியே வந்து, இன்றைக்கு இங்கே சந்தையா என்று மலாயில் கேட்டுவிட்டு கலாவின் மிக்சியைத் தூக்கிப் பார்த்தார். ஏற்றுகிற வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால்தான் இறக்குகிற வரிசை. கூட்டலைச் சரிபார்க்கக் கடைசியிலிருந்து கழித்துக்கொண்டு வா என்று ஆசிரியர் சொன்னாரே, அதே சமாச்சாரம். பால் எப்படியோ கடைசி நிமிஷத்தில் பொங்கியது. அன்றிலிருந்து என் லாரியில் சாமி சாமான்கள் முதலில் ஏறும், ஆனால் பின்னால் அல்ல, டிரைவர் பக்கத்து சீட்டில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. கலா அன்று டம்ளரில் பாலை நீட்டிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"சாமியை முதல்ல ஏத்துனது சரிதான் அண்ணே. ஆனா நம்ம லாரிக்கு ஒரே கதவுதான்னு சாமிகிட்ட சொல்ல மறந்துட்டீங்களே!"

லிஃப்டுக்குள் குறுக்கு வழி

பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு அடுக்குமாடிக்கு மாறினார் என்சிக் சுல், நம்மூர்ப் பேச்சில் திருவாளர் சுல். அவரிடம் ஒரு மெர்போக். மெர்போக் என்றால் மலாய்க்காரர்கள் ஆசையாக வளர்க்கும் சின்னப் புறா. கூண்டைக் கழியின் உச்சிக்கு ஏற்றிவிட்டால் காற்றில் ஆடிக்கொண்டு பாடும். அந்தக் கழியைப் பிரிந்து வர என்சிக் சுல் தயாராக இல்லை. பதினாலாவது மாடியில் அதை எங்கே நடப்போகிறார் என்று நானும் கேட்கவில்லை.

லிஃப்டில் நிமிர்த்தினால் மேலே இடித்தது. தரையில் மூலைக்கு மூலை போட்டால் கதவு மூடவில்லை. என் ஆட்கள் படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்தத் தேக்கு அலமாரி ஞாபகம் வந்தது. அன்று என்னை மாட்டிவிட்ட குறுக்கு நீளம் இன்று உதவாதா? கழியின் ஒரு முனையைத் தரையின் ஒரு மூலையில் ஊன்றி, மறுமுனையை எதிர்ப்பக்கக் கூரை மூலைக்கு ஏற்றினேன். ஒரு பெட்டிக்குள் அதைவிட நீளமான கோடு வேறு கிடையாது. கழி உட்கார்ந்தது, கதவு மூடியது, கூண்டுக்குள் இருந்த புறா பாட ஆரம்பித்தது. இந்தக் கடைசி விஷயத்தை எதனாலும் வகுக்க வேண்டாம், சத்தியமாகப் பாடியது. என்சிக் சுல் என் தோளில் தட்டி மலாயில் சொன்னார்:

"சிங்கப்பூர் பாலத்துல நெரிசல்னா குறுக்கு வழி தேடுற ஆளுங்களைப் பாத்திருக்கேன் அங்கிள். லிஃப்டுக்குள்ளயே தேடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

மீன் சொல்லிக்கொடுத்த கோணம்

என் டிரைவர் ஜீவா ஐம்பதைத் தாண்டியவன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒருமுறை பொந்தியானில் ஒரு காப்பிக்கடையின் மீன் உறைபெட்டியை லாரியிலிருக்கும் சின்ன கிரேனால் தூக்கினோம். கயிறு குட்டை. இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து, ஏறக்குறையப் படுத்த மாதிரி போனது. எடை தாங்கும் கயிறுதானே என்று தூக்கினோம். பட்டென்று அறுந்தது. தெரு முழுக்க மீன். அந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் இன்னும் அந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடுவதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ஜீவா பாசீர் கூடாங்கில் கிரேன் வகுப்பில் சேர்ந்தான். கணக்கு இருக்கிறது என்று தெரிந்து முதல் நாளே திரும்பி வரப் பார்த்தான், நான் விடவில்லை. இரண்டு பேர் ஒரு தண்ணீர் வாளியைத் தூக்கும்போது ஒட்டி நின்றால் சுலபம், தள்ளித் தள்ளி நின்றால் கை கழன்றுபோகும் இல்லையா? கயிறும் அப்படித்தான். கோணம் விரிய விரிய, அதே எடைக்குக் கயிற்றின் இழுவை கூடிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொண்டு தேர்ச்சி பெற்று, லைசென்சும் வாங்கிவிட்டான். சிங்கப்பூரிலிருந்துகூட வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கிடைக்கிற சம்பளத்தைப் பாலத்தில் காத்துக் கிடக்கிற நேரத்தையும் சேர்த்து வகுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே இருந்துவிட்டான். அந்த வகுத்தலுக்கு நான் தனியாகக் கடன்பட்டவன். எப்படிப் படித்தாய் என்று கேட்டால் சொல்வான்:

"பள்ளிக்கூடத்துல கோணத்தைக் கோணமானி வச்சுக் காட்டுனாங்க அண்ணே, ஏறல. நீங்க மீனை வச்சுக் காட்டுனீங்க, ஏறிருச்சு."

நிழலை அளந்த சாயங்காலம்

இவ்வளவு படிப்போடுதான் நானும் ஜீவாவும் ரெங்கம் போனோம். பழைய இடத்தில் முனீஸ்வரர் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, அரிவாளை ஓங்கியபடி நின்றார். நான் அளவு நாடாவை எடுத்ததும் பூசாரி ஓடி வந்தார். சாமிமேல் ஏணி சாய்க்கக்கூடாது, தலைக்கு மேலே நாடா பிடிக்கக்கூடாது. அப்படியானால் பதினைந்து அடி என்று யார் அளந்தது? "எங்கப்பாதான்," என்றார் நாகப்பன். "சாயங்காலப் பூசை முடிஞ்சதும் நிழலை அளந்து காட்டுவாரு. சாமியைத் தொடலாமா? நிழலைத்தானே தொடலாம்."

நானும் ஜீவாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதுவும் சாயங்கால நேரம்தான். என் கைத்தடி மூன்றடி. அதைச் செங்குத்தாகப் பிடித்தேன். நிழல் நாலடி விழுந்தது. சாமியின் நிழலை அளந்தால் பதினைந்தடியும் இன்னும் நாலு அங்குலமும். பெரியவர் அளந்ததில் பிழையே இல்லை, அளந்தது நிழல் என்பதுதான் விஷயம். தடியும் சாமியும் ஒரே வெயிலில்தானே நிற்கிறார்கள்? நாலுக்கு மூன்று என்றால், சாமிக்கு உயரம் பதினொன்றரை அடி. தளத்தோடு சேர்த்துப் பதினாலரை. பாலத்துக்கு அடியில் போக மூன்று அங்குலம் மீதி! மறுநாள் காலையிலும் அளந்தேன். நிழல் மாறியது, உயரம் மாறவில்லை. "உச்சி வெயில்ல அளந்திருந்தா உங்கப்பா குழந்தை முனின்னு பேரு வச்சிருப்பாரு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சாமி பிழைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நாகப்பன் சிலையின் காலடியில் நின்றபடி சொன்னார்:

"எங்கப்பா கட்டுன சாமிகிட்டருந்து உங்க குச்சி மூணரை அடி திருடிருச்சே, அண்ணே."

எலுமிச்சம்பழத்தை மறந்தோம்

வெள்ளிக்கிழமை காலை. ஜீவா நீளமான பட்டைகளைப் போட்டு, கோணம் விரியாமல் பார்த்துப் பார்த்துச் சிலையைத் தூக்கித் தாழ்தள லாரியில் நிறுத்தினான். கலசம் முன் சீட்டில், சீட் பெல்ட்டோடு. மேளம் முன்னால், சனங்கள் பின்னால். நாகப்பன் மட்டும் லாரியின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மாட்டை ஓட்டிப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

பாலம் வந்தது. கீழேயிருந்து பார்த்தால் எந்தப் பாலமும் இடிக்கிற மாதிரிதான் இருக்கும், அதிலும் அரிவாளை ஓங்கிய சாமி என்றால் கேட்கவே வேண்டாம். மேளம் நின்றது. "கொஞ்சமா சாச்சுக்குங்க!" என்று நாலு பக்கமும் குரல். நான் வாயைத் திறக்கும் முன்னே ஜீவா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்: "கொஞ்சமா சாச்சா இன்னும் மேல ஏறும்! அலமாரியைக் கேட்டுப் பாருங்க!" எந்த அலமாரி என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் அவன் கத்திய கத்தலுக்கு எல்லாரும் அடங்கினார்கள். பாலத்துக்கு அடியில் சாலை கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். நீள லாரியின் முன்சக்கரம் ஒரு சரிவிலும் பின்சக்கரம் மறுசரிவிலும் நிற்க, நடுவில் இருக்கிற சாமி இரண்டு அங்குலம் எழும்புவார். அதையும் முன்பே கணக்கில் சேர்த்திருந்தேன். மீதி ஓர் அங்குலம். ஜீவா லாரியை நகர்த்தினானா, நான் மூச்சைப் பிடித்து இழுத்தேனா என்று இன்றும் தெரியாது.

'சரக்'.

லாரி நின்றது. நாகப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய வழுக்கைத் தலையில் ஏதோ ஈரமாகச் சொட்டியது. தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்தார். எலுமிச்சை! அன்று காலை பூசாரி அரிவாள் நுனியில் கொழுத்த பழம் ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறார். பாதிப் பழம் நுனிக்கு மேலே நின்றிருக்கிறது. நான் அளந்தபோது அது இல்லையே! அரிவாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழம்தான் பாலத்தில் தேய்ந்து சாறாகிவிட்டது. புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் பழம் நசுக்குவோம், இங்கே பாலமே மேலேயிருந்து நசுக்கிவிட்டது, திருஷ்டி கழிந்தது என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. மேளம் முன்னிலும் பலமாக எழும்பியது. லாரி மறுபக்கம் ஏறி வெயிலுக்கு வந்தது. நாகப்பன் தலையைத் துடைக்காமலே சிரித்தார். "எலுமிச்சம்பழத்துக்கு நிழல் விழாதா, அண்ணே?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நல்ல நேரம் முடிவதற்கு முன்பே முனீஸ்வரர் புதுப் பீடத்தில் நின்றுவிட்டார், வழி முழுக்க ஒரு நிமிஷம்கூடப் படுக்காமல். பூசை முடிந்ததும் நாகப்பன் மைக்கைப் பிடித்தார். "எங்கப்பா கட்டிய பதினைந்து அடி முனீஸ்வரர்..." என்று ஆரம்பித்தவர் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினார். நான் கைத்தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையசைத்தேன். ஆயுள் முழுக்கக் கதையை வளர்த்து வந்த எனக்கு அந்த மூன்றரை அடியின் அருமை தெரியாதா? பேசி முடித்து இறங்கி வந்தவர், விபூதிக் கையோடு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கணக்குதான் சாமியைக் கொண்டாந்து சேத்துச்சு, அண்ணே. எங்கப்பா கணக்கும் இங்கேயே இருந்துட்டுப் போகட்டும், லா."

கதைக்குள் சாமியை எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் வளர்த்துக்கொள், பாலம் வரும்போது மட்டும் சரியான அளவைத் தெரிந்துவைத்துக்கொள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குக்கு, மேசைக்கடியில் ரப்பர் தேடியவனின் நன்றி, இதை மட்டும் யாரும் இரண்டால் வகுக்க வேண்டாம்.